அத்தை வேண்டாம் என்ற ரீடர்

கணினிக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டால் எல்லாம் வேகமாகும் என்று சொன்னார்கள். வேகமாகத்தான் ஆயிற்று. பல்செட்காரர் இத்தனை வருஷமாகப் பழகிய செய்திக்குழு ரீடர், ஒரே வேகத்தில் உயிரை விட்டுவிட்டது. ஐகானைச் சொடுக்கினால், இந்த நிரல் இந்தப் பதிப்பில் இயங்காது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அந்தப் பெட்டியில் 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். 'சரியில்லை' என்று சொல்ல இடமே கிடையாது. இப்படிப் பெட்டி செய்கிறவர்களைப் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாத்தி, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பல்செட்காரர் என்பது தெருவில் வைத்த பேர். தொழிலும் அதுதான். ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறை அவருடைய லேப். டாக்டர் அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பார். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு வரிசை பார்ப்பார். மேல்தாடையையும் கீழ்தாடையையும் ஒரு கருவியில் மாட்டித் திறந்து மூடி, கடி சரியாக விழுகிறதா என்று சோதிப்பார். நாள் முழுக்க அவருக்கு எதிரே வாய்களாக இருக்கும். ஒன்றும் பேசாது. வீட்டுக்கு வந்தால் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள். தையல் மெஷின் மட்டும் பேசும்.

அதனால் அவர் பேச்சு முழுவதும் செய்திக்குழுவில்தான். செய்திக்குழு என்றால் இன்றைக்குப் பல பேருக்குத் தெரியாது. ஒரே தொழில் செய்கிறவர்கள், எங்கெங்கோ இருக்கிறவர்கள், ஒரே இடத்தில் எழுதிப் போடுவார்கள். மற்றவர்கள் படித்துப் பதில் போடுவார்கள். படம் கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் எழுத்து. அதை இழுத்து வந்து காட்டுகிற நிரலுக்குப் பேர் ரீடர். பல்செட் செய்கிறவர்களின் குழுவில் ஒரு காலத்தில் சந்தை மாதிரிக் கூட்டம். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, கடைசியில் நிலைத்தவர்கள் அவரைத் தவிர மூன்று பேர். மெழுகு, சிடுமூஞ்சி, அத்தை. எல்லாம் அவரவர் வைத்துக்கொண்ட பேர். சொந்தப் பேர், ஊர், போன் நம்பர் எதையும் கேட்பதில்லை என்பது அந்தக் குழுவின் வழக்கம். யாரும் அதை மீறியதில்லை.

மெழுகுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். சிடுமூஞ்சி யாரையும் பாராட்டியதாக வரலாறு இல்லை. அத்தைக்கு ஆண்கள் எல்லாரும் மருமகன்.

பல்செட்காரர் அதில் சேர்ந்த சமயம் நல்ல சமயமில்லை. முதலும் கடைசியுமாகப் பிறந்த பெண் குழந்தை ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதன்பிறகு அவர் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம், கீழ்ப்பல் செட் ஏன் ஆடுகிறது என்று குழுவில் எல்லாரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர் யாரும் கேட்காமலே குழந்தையைப் பற்றி எழுதிப் போட்டுவிட்டார். முதல் பதில் அத்தையிடமிருந்து வந்தது. அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதே மருமகனே, நாளைக்குப் பல் நடும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும், வேலையை மட்டும் விட்டுவிடாதே என்று எழுதியிருந்தாள். அன்றைக்குத்தான் அவர் அழுதார். மறுநாள் மனைவியிடம், குடிக்கத் தண்ணி வேண்டும் என்று வாய் விட்டுக் கேட்டார். அவரைப் பொறுத்தவரை அவர் உயிரோடு இருப்பது அத்தை போட்ட பிச்சை.

ரீடர் செத்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறதல்லவா?

புது சிஸ்டம் தன் வேலை முடிகிற நேரத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டது. இந்தக் கணினிக்கு என்ன பேர் வைக்கலாம்? பழைய பேர் அவர் வைத்ததில்லை. எப்போதோ பழுது பார்க்கப் போனபோது கம்ப்யூட்டர் கடைக்காரர் 'ரிப்பேர்-7' என்று வைத்து, அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தத் தடவை அவர் யோசித்து, 'ஞானப்பல்' என்று அடித்தார். தாமதமாக வருகிறது, வந்ததும் வலி கொடுக்கிறது, வேறென்ன பேர் வைப்பது? தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லியிருந்தால், உங்களுக்கு வேற வேலை இல்லையா என்றிருப்பாள்.

அன்றே இணையத்தில் தேடி ஒரு ரீடரை இறக்கினார். அது மின்னஞ்சலையும் குழுவையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி வைத்திருந்தது. மின்கட்டண நினைவூட்டலுக்குக் கீழே சிடுமூஞ்சி, சிடுமூஞ்சிக்குக் கீழே சட்டைத் துணி தள்ளுபடி. பல்லைக் கடித்துக்கொண்டு அதிலேயே குழுவுக்கு எழுதிக் கேட்டார்: என் பழைய ரீடர் போய்விட்டது, நீங்களெல்லாம் எதில் படிக்கிறீர்கள், நான் எதைப் போட?

பதில்கள் வந்தன. மெழுகு ஒன்றைச் சொன்னார், சிடுமூஞ்சி அது குப்பை என்று வேறொன்றைச் சொன்னார். இதில் இரண்டு பேருக்கும் பேச்சு முற்றி, பழைய தகராறுகளெல்லாம் வெளியே வந்தன. அத்தை மட்டும் ரீடர் எதையும் சொல்லவில்லை. "எதை வேணும்னாலும் போட்டுக்கோ மருமகனே, நாங்க எங்க போயிடப் போறோம்" என்று எழுதியிருந்தாள். அடியில் இன்னொரு வரி இருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வருமே, அந்த ரீடரை மட்டும் போடாதே.

ஏன் என்று கேட்டார். கண்ணுக்கு நல்லதில்லை என்றார் மெழுகு. ஆமாம், அது வேண்டாம் என்றார் சிடுமூஞ்சி. சிடுமூஞ்சியும் மெழுகும் ஒன்றில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. பல்செட்காரருக்கு அது விசித்திரமாகப் பட்டது.

சிடுமூஞ்சி சொன்னதைப் போட்டுப் பார்த்தார். அது பதிலை ஒரு பக்கமும் கேள்வியை ஒரு பக்கமும் பிய்த்துப் போட்டது. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலித்தது. மெழுகு சொன்னதைப் போட்டார். அது அவ்வப்போது தூங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில், மனைவி பக்கத்தில் காலர்களைத் திருப்பித் தைத்துக்கொண்டிருக்க, மூவரும் வேண்டாம் என்ற அந்தப் பச்சை எழுத்து ரீடரை அவர் இறக்கினார். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடலாம். மூன்று பேர் சொன்னால் எந்த மனுஷனாவது விடுவானா?

அது நன்றாகவே இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, வேகம். பழைய ரீடருக்குத் தம்பி என்று சொல்லலாம். ஒரே ஒரு வித்தியாசம்தான். பழையது எழுதியவர் பேர், தலைப்பு, தேதி இவற்றோடு நிறுத்திக்கொள்ளும். இது ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் இன்னொரு கட்டத்தையும் காட்டியது. 'எழுதிய இயந்திரம்' என்று அதற்குத் தலைப்பு.

அவருடைய கேள்விக்கு நேரே 'ஞானப்பல்' என்றிருந்தது. சரிதான் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வரி மெழுகின் பதில். அதற்கு நேரேயும் 'ஞானப்பல்'. சிடுமூஞ்சி, ஞானப்பல். அத்தை, ஞானப்பல்.

மெழுகும் தன் கணினிக்கு அதே பேர் வைத்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தார். பல் தொழில்காரர்களுக்கு வேறு பேர் எங்கே தோன்றப்போகிறது? பிறகு பழைய செய்திகளுக்குப் போனார். சிஸ்டம் மாற்றிய நாளுக்கு முன்னால் எழுதப்பட்டவை எல்லாவற்றிற்கும் நேரே வேறு பேர் இருந்தது. மெழுகு, ரிப்பேர்-7. சிடுமூஞ்சி, ரிப்பேர்-7. அத்தை அழச் சொன்ன அந்த முதல் பதில் இருக்கிற வருஷத்துக்கு அவர் போகவில்லை. பாதியிலேயே கை நின்றுவிட்டது.

மறுநாளே கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிவந்தார். நண்பர் ஒருவர் விளையாடுகிறார் என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் வாய் ஓயாத ஆசாமி. வந்தது முதல் தன் மைத்துனன் வாங்கிய செல்போனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டும் வேலை பார்த்தன. வெளியாள் யாரும் புகுந்த தடம் இல்லை, வைரஸ் இல்லை, அந்தக் கட்டத்தில் வருவது எழுதுகிற மெஷின் தானாகக் குத்துகிற முத்திரை என்று விளக்கினார். கிளம்பும்போது விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எல்லாம் இதுல அடிச்சதுதான் சார். பாருங்க, எழுத்தெல்லாம் அழிஞ்சே போச்சு. ஒரு ஆள் அடிச்ச கீபோர்டு மாதிரியா இருக்கு? உங்க வீட்டுல எத்தனை பேர் சார்?"

ரெண்டு பேர் என்றார் பல்செட்காரர். அவருடைய குரல் அவருக்கே யாருடையதோ போல இருந்தது.

அன்று லேப்பில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு மேல்செட்டில் முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோரைப்பற்களை வரிசையாக நட்டுவைத்தார். டாக்டர் எடுத்துப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெரியவர் ஆட்டையா கடிக்கப் போகிறார் என்று கேட்டார். பல்செட்காரர் சிரிக்கவில்லை. பிளாஸ்டர் தாடைகள் அலமாரி முழுக்க வாய் பிளந்து இருந்தன. வழக்கமாக அவற்றைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தோன்றாது. இன்றைக்கு, இவற்றில் ஏதாவது ஒன்று பேச ஆரம்பித்தால் அதன் குரலும் என்னுடையதாகத்தான் இருக்குமோ என்று தோன்றியது. எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினார்.

பைத்தியமாகிவிட்டோம் என்ற பயத்தைவிட இன்னொன்று அவரைப் பெரிதாக அறுத்தது. அத்தை இல்லை என்றால், அன்றைக்கு அவரை அழச் சொன்னது யார்? அப்படி ஒருத்தியே இல்லை என்றால், அவர் இத்தனை வருஷம் காலூன்றி நின்றது எதன்மேல்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது போலிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியின் எதிரே உட்கார்ந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டார். குழுவில் வருகிறதெல்லாம் நம் வீட்டிலிருந்தே போகிறது, உனக்கு ஏதாவது தெரியுமா என்றார். அவள் பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"நீயா எழுதறே?"

"எனக்கு எங்கங்க அதெல்லாம். நீங்கதான் எழுதறீங்க."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினார். அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். உட்கார்ந்து வேகமாக அடிப்பீர்கள். அப்போது கூப்பிட்டால் காது கேட்காது. அடித்து முடித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்து, யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி படிப்பீர்கள். சில நாள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அத்தை என்ன எழுதியிருக்காங்க தெரியுமா என்று என்னிடமே வந்து சொல்வீர்கள்.

"முதல்லயே ஏன் சொல்லலை?"

"முதல் தடவை பார்த்தப்ப எனக்கு உசிரே போச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னுதான் நினைச்சேன். ஆனா மறுநாள் காலையில நீங்க தண்ணி கேட்டீங்க. அதுக்கு முன்னாடி எத்தனை மாசம் நீங்க ஒரு வார்த்தை பேசலை, ஞாபகம் இருக்கா? சொன்னா நிறுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேன். அப்புறம் அதுவே பழகிப் போச்சு."

அவருக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியாத கோபம். நான் எழுதியிருந்தால் எனக்குத் தெரியாதா, சிடுமூஞ்சியிடம் எத்தனை நாள் ராத்தூக்கம் கெட்டுச் சண்டை போட்டிருக்கிறேன், அவன் சொன்ன வைத்தியத்தில் ஆடுகிற செட் நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாத விஷயத்தை நானே எனக்கு எப்படிச் சொல்லித் தர முடியும் என்று குரலை உயர்த்தினார். அவள் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பொறுமைதான் அவரைக் கொன்றது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நாளைக்கு நான் லேப்பில் இருப்பேன். கணினியைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறேன். அவ்வப்போது இந்தப் பொத்தானை அழுத்து, புதிதாக வந்திருந்தால் தெரியும். நான் இல்லாதபோது ஒன்று வந்தால் நான் இல்லை. வராவிட்டால் நீ சொன்னது சரி.

அவள் பொத்தானை அழுத்திப் பழகிக்கொண்டாள். கணினியில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவே. செல்போனில் மார்பளவு, இடுப்பளவு குறித்துக்கொள்வதற்கே ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறவள்.

மறுநாள் லேப்பில் அவர் செய்த வேலை வேலையே இல்லை. செய்தி வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். வந்தால், அந்த ஞானப்பல் முத்திரை எப்படி விழுந்தது? வராவிட்டால், தெரியாமலே எழுதுகிறவர் அவரேதானா? மத்தியானத்துக்கு மேல் தாங்காமல், உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பார்த்தாலே தெரிகிறது என்றார் டாக்டர்.

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. படியேறும்போது வழக்கமாகத் தையல் மெஷின் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. வேறு சத்தம் கேட்டது. தகரத்தில் மழை விழுகிற மாதிரி, நிற்காமல், தடுமாறாமல்.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

மனைவி கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. உதட்டில் இரண்டு குண்டூசிகள். பத்து விரல்களும் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒருநாளும் அவ்வளவு வேகமாக அடித்ததில்லை. கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து திரையில் ஓடுகிற எழுத்துகள் படிக்கக் கூடவில்லை. மேலே தலைப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. 'மருமகளுக்கு' என்றிருந்தது.

அவள் முடித்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள், எழுந்தாள். அவருடைய சட்டையில் அவள் புடவை உரசுகிற அளவு பக்கத்தில் கடந்துபோய்ச் சமையலறையில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து தையல் மெஷினில் உட்கார்ந்து, பாதியில் நின்ற தையலை முடித்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"அட, எப்ப வந்தீங்க? ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பவரைக்கும் ஒண்ணும் வரலைங்க. இருங்க, இன்னொரு தடவை பார்த்துடறேன்."

ஆள்காட்டி விரலை நீட்டிப் பொத்தானைத் தேடி அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். பார்த்தபடியே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"வந்திருக்குங்க. அத்தை. எனக்கு எழுதியிருக்காங்க."

சின்னப் பிள்ளை பாடம் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டி வாய் விட்டுப் படித்தாள். மருமகளே, அவன் எங்ககிட்ட வந்து சொல்லிட்டான். நீ யார்கிட்ட சொன்னே? இத்தனை வருஷத்துல உன்னை ஒருத்தரும் கேட்கலையே. அவன் பேசினாப் போதும்னு நீ இருந்துட்டே. நான் கேட்கறேன். பெத்தவ நீ, எப்படிம்மா இருக்கே?

அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை. தைத்துக்கொண்டிருந்த சீருடையையே எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவர் அவள் அழுது பார்த்ததேயில்லை. குழந்தையைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட, வந்தவர்களுக்கெல்லாம் குடிக்கக் கொடுத்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தாள். அவள் தாங்கிக்கொண்டாள், நான்தான் உடைந்துவிட்டேன் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அப்ப நீங்க இல்லீங்க. நீங்க லேப்ல இருந்தீங்க, நான் மெஷின்ல இருந்தேன். அத்தை நிஜமாவே இருக்காங்க. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

சொல்லிவிடலாம். இரண்டு வார்த்தைதான். நீதான் எழுதினாய், என் கண்ணால் பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தை அவர் வாய்வரை வந்து நின்றது. அவள் இத்தனை வருஷம் எப்படி வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அந்த நிமிஷம் விளங்கிற்று. அவள் பயத்தினால் மட்டும் அப்படி இருந்துவிடவில்லை. அவருக்கும் இப்போது பயத்தைவிட வேறொன்றுதான் அதிகமாக இருந்தது.

"நான்தான் சொன்னேனே" என்றார்.

அவள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். ஓரத்தில் இதென்ன, எல்லாத்துக்கும் பக்கத்தில் ஞானப்பல் ஞானப்பல் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டாள். இந்த ரீடரில் ஒரு கோளாறு, அத்தைகூட வேண்டாம் என்று சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை என்றார். அப்போதே அதை நீக்கிவிட்டு, மின்னஞ்சலையும் குழுவையும் சேர்த்துக் கிண்டுகிற அந்த முதல் ரீடரையே திரும்பப் போட்டார். பேர், தலைப்பு, தேதி. அதற்குமேல் அது எதையும் காட்டாது. எந்த ரீடரைப் போடுவது என்று ஒரு வாரமாக அவரைப் படாத பாடு படுத்திய கேள்வி கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அத்தைக்குப் பதில் எழுத வேண்டும் என்றாள் மனைவி. அவர் நாற்காலியை விட்டுக் கொடுத்துப் பின்னால் நின்றார். அழிந்துபோன பொத்தான்களில் எது எந்த எழுத்து என்று சொல்லிக் கொடுத்தார். அவள் ஒரே விரலால் தேடித் தேடிக் குத்தினாள். நான் நல்லா இல்லை அத்தை. இந்த வரிக்கே வெகு நேரம் ஆயிற்று. அவளே அனுப்பினாள்.

பின்னால் நின்றவர், நானே கேட்கிறேன், அத்தை எதற்கு என்று சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. லேப்பில் இருக்கிற பிளாஸ்டர் தாடைகளுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டார். தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் வர நேரமாகுங்களா?"

"சொல்ல முடியாது. நீ போய் டீ போடு. வந்தா கூப்பிடறேன்."

அவள் எழுந்து போனாள். சமையலறையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது, குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த ஒரு தடவையாவது தெரிந்தே எழுதுவோம், அத்தை பேரில் எழுதினாலும் நான்தான் எழுதினேன் என்று எனக்குத் தெரியட்டும் என்று தீர்மானம் செய்துகொண்டார். என்ன எழுதுவது என்று யோசித்தார். அவளிடம் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. விரல்களை எழுத்தழிந்த பொத்தான்கள்மேல் வைத்தார்.

"டீ ஆறிப் போச்சு. எத்தனை தடவை கூப்பிடறது?"

மனைவி இரண்டு கோப்பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைகள் மடியில் இருந்தன. தொண்டை வறண்டிருந்தது. திரையில் புதிய செய்தி ஒன்று வந்திருந்தது, நீளமான செய்தி. அனுப்பியவர் அத்தை.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். கேட்ட விதம் ரொம்ப மெதுவாக இருந்தது.

"தெரியலை. இன்னும் படிக்கலை" என்றார். அவர் சொன்னது உண்மை. அவள் உட்காருவதற்கு நாற்காலியில் பாதி இடம் விட்டார். இருவரும் சேர்ந்து படிக்க ஆரம்பித்தார்கள்.